வெளியே போகச் சொன்னால்

சென்னிமலை அடிவாரத்தில் தெய்வாத்தா அம்மாளின் மடம் இருந்தது. மடம் என்பது பெரிய வார்த்தை. ஓடு போட்ட நீளமான ஒரு கொட்டகை, அடுப்படி, சுற்றுச்சுவர், முன்னால் ஓர் இரும்புக் கேட். அம்மாளுக்கு வயது நாற்பதுதான். அவரிடம் கேள்வியோடு வருகிறவர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள்.

நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்து நான்கு. அண்ணன் செங்கோடன் நடத்தும் கல்யாண சமையல் தொழிலில், மீசை முளைத்த நாளிலிருந்து அடுப்பில் நிற்பவர். மடத்துக்கு வந்தாலும் அவருக்குச் சும்மா உட்காரத் தெரியாது. அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக்கொண்டு காய் நறுக்குவார். நறுக்கிக்கொண்டேதான் கேட்பார்.

அன்றைக்குப் பூசணிக்காய்.

“அம்மா, ஒரு பொய் சொல்லலாமுங்களா?”

“என்ன பொய்?”

“போன முகூர்த்தத்துல அண்ணன் என்னைப் போடா வெளியேன்னுட்டாருங்க. பொண்ணு வீட்டுக்காரங்க எதிர்லயே. இனி என் அடுப்புப் பக்கம் வராதேன்னாரு. கரண்டியை வெச்சுட்டு வந்துட்டனுங்க.”

“சரி.”

“நேத்து ஈரோட்டுல ஆபீசுக்குப் போனேன். வேலை போனவங்களுக்குக் கவர்மெண்ட்டுல கொஞ்ச மாசம் உதவித்தொகை குடுக்கறாங்கல்ல, அதுக்கு. எனக்கும் சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சிருக்குது. நீங்களா விட்டீங்களா, அவங்க அனுப்பிட்டாங்களான்னு கேட்டாங்க. நானா விட்டிருந்தாக் கிடையாதாம். அண்ணனையும் கூப்பிட்டுக் கேப்பாங்களாம்.”

“என்ன சொன்னீங்க?”

“யோசிச்சுட்டு வர்றேன்னு வந்துட்டனுங்க.”

“இதுல பொய் எங்க இருக்குது?”

“அண்ணன் நெசமாச் சொல்லலீங்களே. அவரு எப்பவும் அப்படித்தான். ரசம் லேட்டானா போடா வெளியே. அப்பளம் சிவந்தா போடா வெளியே. மறுநாள் காலையில வீட்டு வாசல்ல வேன் வந்து நிக்கும். நான் ஏறிக்குவேன். எங்க குடும்பத்துல அது ஒரு பழக்கமுங்க.”

“இந்தத் தடவை ஏன் ஏறலை?”

நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

“முடியலீங்கம்மா. முழங்கை மடங்க மாட்டேங்குது. கண்ணை மூடினா கனவுலயும் அண்டா தூக்கறேன். அந்தக் காசு வந்தா ஒரு எடத்துல உக்காந்து வேற பொழப்புத் தேடுவேன். வரலைன்னா, அடுத்த வாரமே அதே அடுப்புக்குத்தான் போயாகணும்.”

அவர் மறுபடியும் பூசணியைக் கையில் எடுத்தார்.

“வெளியே போங்க” என்றார் அம்மாள்.

நாச்சிமுத்து சிரித்தார். கீற்றைத் திருப்பித் தோலைச் சீவினார்.

“வெளியே போங்கன்னேன்.”

“இந்தப் பாதியை முடிச்சுட்டுப் போறேனுங்க.”

அம்மாள் எழுந்து வந்தார். அவர் கையிலிருந்த கீற்றை வாங்கிப் பாத்திரத்தில் போட்டார். அரிவாள்மனையை மடக்கி ஓரமாக வைத்தார். முழங்கை நோகாமல் அவரைப் பிடித்து எழுப்பி, கேட் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், வெளியே விட்டுத் தாழ்ப்பாள் போட்டார்.

சித்திரை வெயில். செருப்பு உள்ளே இருந்தது.

“அம்மா! நெசமாவே சொன்னீங்களா?”

“எத்தனை தடவை சொன்னேன்?”

“ரெண்டு தடவை.”

“முதல் தடவையே நெசந்தான்.”

அம்மாள் உள்ளே போய்விட்டார். நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் வந்து போகிறவனை, நாயைத் துரத்துகிற மாதிரி! கேட்டைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார். பிறகு, கால் சுடவே, சுவரோரம் இருந்த புங்கமரத்து நிழலுக்குப் போனார்.

அங்கே நின்று யோசித்தபோது ஒன்று இடித்தது. ‘சும்மா சொன்னேன்’ என்று அண்ணன் ஒரு நாளும் சொன்னதில்லை. மறுநாள் வேன் வரும், அவ்வளவுதான். அது சும்மா என்று முடிவு கட்டியது யார்? நெசம் என்று எடுத்துக்கொண்டால் போக வேண்டியிருக்கும் என்பதால்தானே காதை மூடிக்கொண்டோம்? அண்ணனுக்கு வாய் நீளமா, தனக்குத் தைரியம் கட்டையா? அவருக்குப் பிடிபடவில்லை.

அப்போதுதான் வேன் வந்து நின்றது. செங்கோடன் எஞ்சினை அணைக்காமலே இறங்கினார்.

“உன் பொண்டாட்டிதான் சொன்னா, இங்க இருப்பேன்னு. ஏறு.”

“எதுக்குங்ணா?”

“எதுக்காம்! நாளைக்குக் காங்கேயத்துல முகூர்த்தம். எண்ணூறு இலை. பாத்திரமெல்லாம் போயாச்சு.”

“நீங்க போகச் சொன்னீங்க. நான் போயிட்டேன்.”

“எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! என்னிக்காவது ஒரு நாள் போயிருக்கியாடா?”

உண்மைதான். நாச்சிமுத்து ஒரு நாளும் போனதில்லை.

“ஆபீசுக்குப் போனியாமே?” செங்கோடன் குரலை உயர்த்தினார். “நாலு ஊருக்குச் சோறு போட்ட குடும்பம்டா இது. நீ போய் வரிசையில நின்னு கை நீட்டுவியா?”

“நின்னுட்டுத்தான் வந்தேன். முன்னாடி நிக்கறவன் நகந்தா நாமளும் நகரணும். வேலை அவ்வளவுதான். உங்க அடுப்போட பாத்தா அது சொர்க்கமுங்ணா.”

“திமிரு ஏறிப்போச்சு உனக்கு.”

“ஆமா. கொஞ்சம் லேட்டா ஏறியிருக்குது.”

“நீ என் தம்பிடா. வேலைக்காரனா, வேலை போச்சுன்னு போய்ச் சொல்றதுக்கு?”

“ஆடிட்டர் எதிர்ல வேலைக்காரன்னுதானே எழுதச் சொன்னீங்க? சம்பளத்துல பிடிக்கறப்ப வேலைக்காரன். அண்டா தூக்கறப்பத் தம்பி. இன்னிக்கு ஒண்ணை முடிவு பண்ணிச் சொல்லுங்க.”

தம்பி இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசிச் செங்கோடன் கேட்டதில்லை. எப்போதும்போல் வேன் கதவைத் திறந்து பிடித்தார். நாச்சிமுத்துவின் கால் பழக்கத்தில் ஓர் அடி முன்னால் போனது. போன காலை அவர் குனிந்து பார்த்தார். திரும்ப இழுத்துக்கொண்டார்.

“வர மாட்டேன்” என்றார். இன்னொரு தடவையும் சொன்னார். “வர மாட்டேனுங்ணா.”

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அம்மாள் கையில் நாச்சிமுத்துவின் செருப்போடு வந்தார். அதை அவர் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

செங்கோடன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“அம்மா, நீங்களே நியாயம் சொல்லுங்க. அந்த ஆபீசுல என்னையக் கூப்பிட்டுக் கேப்பாங்களாம், நீதான் அனுப்புனியான்னு. அடுப்புச் சூட்டுல ஏதோ வாயில வந்ததுங்க. அதைப் போய் நெசம்னு நான் எப்படிங்க சொல்றது?”

“நெசமாவே ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பணும்னா, என்ன சொல்லி அனுப்புவீங்க?”

“சமையக்காரனை அனுப்பறதுக்கு என்னம்மா பெரிய பேச்சு?” செங்கோடன் யோசிக்கவே இல்லை. “போடா வெளியே, இனி என் அடுப்புப் பக்கம் வராதேம்பேன். அவ்வளவுதான்.”

சொல்லி முடித்த பிறகு அவர் தம்பியைப் பார்த்தார். நாச்சிமுத்து குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார்.

“ஆபீசுல கேட்டா அதையே சொல்லுங்க” என்றார் அம்மாள்.