துரியானந்தர் மயக்கிய சபை

முன்னொரு காலத்தில், ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தால் மறுநாளே அது ஊருக்கெல்லாம் வந்துவிடும் காலத்தில், சித்திரவர்மன் என்றோர் அரசன் இருந்தான். கெட்டவன் இல்லை. வரியைக் கசக்கிப் பிழியமாட்டான், போருக்கு அலையமாட்டான். ஆனால் புதிதாக எதைக் கண்டாலும் அதன்மேல் விழுந்துவிடுவான். ஒரு வருஷம் சேவல் சண்டை. ஒரு வருஷம் ரத்தினப் பரீட்சை. அப்புறம் ஒரு வருஷம் வீணை. அந்த வீணை வருஷத்தில் சபையில் இருந்த அத்தனை பேருக்கும் திடீரென்று சங்கீத ஞானம் வந்துவிட்டது. சேனாபதிக்கு விரல் நகங்கள் போனதுதான் மிச்சம்.

இந்த வருஷம் மயக்கு வித்தை.

வடதேசத்திலிருந்து துரியானந்தர் என்றொரு யோகி வந்திருந்தார். எதிரே ஓர் ஆளை உட்காரவைத்து, கண்ணுக்கு நேராக ஒரு சிறு வெள்ளி மணியை ஆட்டிக்கொண்டே தாழ்ந்த குரலில் பேசுவார். ஆளுக்கு இமை கனக்கும், தலை சாயும். அதன்பின் யோகி சொன்னதெல்லாம் அவனுக்கு நிஜம்.

அவரைச் சபைக்கு அழைத்து வந்தவர் பிரதானி பூவராகர். முதலில் மயங்கியவரும் அவர்தான். யோகி ஒரு பிடி வேப்பிலையைக் கொடுத்து வெல்லம் என்றார். பிரதானி நிதானமாக மென்று விழுங்கி, இனிப்பு சற்று அதிகம் என்றார். அரசன் கைதட்டினான். அன்று முதல் சபையில் மயங்காத ஆளே இல்லை. சேனாபதி நாலு காலில் நின்று குரைத்தார். ராஜகுரு போன பிறவியில் தாம் ஒரு பட்டத்து ராணியாக இருந்ததாகச் சொல்லி வெட்கப்பட்டார்.

இந்த வித்தை எப்படி வேலை செய்கிறது என்பதில் மட்டும் தகராறு. வாயு அடங்கினால் நரம்பு அடங்கும், நரம்பு அடங்கினால் புத்தி அடங்கும், இது சுத்தமான வைத்திய சாஸ்திரம் என்றார் அரண்மனை வைத்தியர். ஆன்மா உடம்பைவிட்டுச் சற்றே விலகி நிற்கிறது, இது சுத்தமான யோகம் என்றார் ராஜகுரு. இருவரும் ஒருவரை ஒருவர் முட்டாள் என்று சாஸ்திர பாஷையில் திட்டிக்கொண்டார்கள். ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போனார்கள். அரசருக்கு இவ்வளவு பிடித்துவிட்ட ஒன்று பொய்யாக இருக்க முடியாது.

மணிக்கு எதிரே இதுவரை உட்காராதவன் அரண்மனை விகடன் ஆவுடைநாதன் மட்டுமே. பிரதானிக்கு அவனைக் கண்டால் ஆகாது. கிணறுகளுக்கு வரி போடலாம் என்று அவர் ஒருமுறை யோசனை சொன்னபோது, தாகத்துக்கும் சேர்த்துப் போட்டுவிடலாமே என்று ஆவுடைநாதன் கேட்டுவைத்தான். அரசன் சிரித்த சிரிப்பில் வரி காணாமல் போனது. அந்தச் சிரிப்பு பிரதானியின் காதை விட்டு இன்னும் போகவில்லை.

ஒரு நாள் அவர் சபை நடுவே எழுந்தார்.

"மகாராஜா, மயங்கியவனால் பொய் சொல்ல முடியாது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். நம் விகடர் தங்கள் முன்னால் விகடம் பேசுகிறார். தாங்கள் இல்லாத இடத்தில் தங்களையே விகடம் செய்கிறார் என்று கேள்வி. யோகியார் அவரை மயக்கி, அரசரைப் பற்றி மனத்தில் உள்ளதைச் சொல்லச் செய்யட்டும். குற்றமற்றவர் என்றால் அவருக்கும் நல்லதுதானே."

அரசனுக்கு யோசனை இனித்தது. "ஆவுடை, என்ன சொல்கிறாய்?"

"இந்த வித்தையில் அடியேனுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, அரசே."

"அப்படியானால் நம் வித்துவான்கள் எல்லோரும் நம்மிடம் பொய் சொல்கிறார்கள் என்கிறாயா?"

சபை முழுவதும் அவனைத் திரும்பிப் பார்த்தது.

"நாளை நீ உட்காருகிறாய். மனத்தில் ராஜநிந்தை இருந்தால் நாட்டைவிட்டுப் போகவேண்டியதுதான். வித்தை மெய்யா பொய்யா என்ற வழக்கும் அதோடு தீர்ந்துவிடும்" என்றான் அரசன்.

ஆவுடைநாதன் வீட்டுக்கு வந்து மனைவி நாச்சியாரிடம் சொன்னான். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"சாப்பிடும்போது நீங்க ராஜாவ எப்படிச் சொல்லுவீங்க?"

"எப்படி?"

"மணி கட்டுன பக்கம் ஓடுற கன்னுக்குட்டின்னு."

"அது பிரியத்துல சொல்றது."

"அதை அங்க சொல்லிப் பாருங்க, பிரியமாவே ஊரவிட்டு அனுப்புவாங்க. மயக்கத்துல உளறித் தொலைச்சா நான் எந்த ஊர்ல போய் நிக்கிறது?"

பயம் போதாதென்று கடைவாய்ப் பல் வேறு விடிந்ததிலிருந்து தெறித்துக்கொண்டிருந்தது. கன்னத்தைப் பிடித்தபடியே, யோகி தங்கியிருந்த நந்தவனத்து மண்டபத்துக்கு நடந்தான். என்ன ஆகப்போகிறது என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்ற எண்ணம்.

துரியானந்தர் தனியாக உட்கார்ந்து மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் நிமிர்ந்து யோகி முகத்தை வரவழைத்தவர், கன்னம் வீங்கியிருப்பதைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டார்.

"பல்லா?"

"பல்லுதான் சாமி."

"உக்காரும்."

மணியைக்கூட எடுக்கவில்லை. மூச்சை மெதுவாக விடச் சொன்னார். வலியை ஒரு நெருப்பாக நினைக்கச் சொன்னார், அதன்மேல் சாம்பல் படிவதாக நினைக்கச் சொன்னார். "இனி என் குரல் ஒண்ணுதான் உம்ம காதுல விழும், வேற எந்தக் குரலும் விழாது" என்று சொல்லிவிட்டுப் பேசிக்கொண்டே போனார். வெளியே தோட்டக்காரன் ஓர் ஆட்டை அதன் வம்சத்தோடு சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தது ஆவுடைநாதனுக்கு நன்றாகவே காதில் விழுந்தது. ஆனால் வலி அடங்கியது. பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்தான். எங்கோ தூரத்தில் யாருக்கோ வலிப்பது போலிருந்தது.

அவனுக்கு எரிச்சல்தான் வந்தது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம்.

"சாமி, இது எங்க படிச்சது?"

யோகி சுற்றுமுற்றும் பார்த்தார். "எலும்பு வைத்தியர் ஒருத்தர்கிட்ட இருந்தேன். அவர் முறிஞ்ச காலை இழுத்து வைக்கறப்ப நான் நோயாளி தலைமாட்டுல உக்காந்து பேசிட்டிருப்பேன். பேச்சுல மனசு போயிட்டா கத்தமாட்டான். எல்லாருக்கும் கேக்காது. கேக்கறவனுக்கு நல்லாவே கேக்கும்."

"அப்ப நாய் மாதிரி குரைக்கறது?"

"அதான் எனக்கும் புரியல. எங்க ஊர்ல சொல்லிப் பாத்தா எழுந்து அடிக்க வருவாங்க. இங்க நான் வாயைத் திறக்கறதுக்குள்ளயே மயங்கிடறாங்க." அவர் குரலை இறக்கினார். "எப்ப மாட்டப்போறேனோன்னு சோறு இறங்கல, போம்."

ஆவுடைநாதன் யோசித்துக்கொண்டே வீடு திரும்பினான்.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. அவனை நடுவே பலகையில் உட்காரவைத்தார்கள். யோகி மணியை ஆட்டினார்.

"இனி என் குரல் ஒன்றே உன் காதில் விழும். வேறு எந்தக் குரலும் விழாது."

ஆவுடைநாதனின் தலை மார்பில் சாய்ந்தது. பிரதானி ஆசனத்தின் நுனிக்கு வந்துவிட்டார்.

"விகடரே, அரசரைப் பற்றி உமது மனத்தில் உள்ளதை மறைக்காமல் சொல்லும்" என்றார் யோகி.

"அரசர் நல்லவர்" என்றான் ஆவுடைநாதன், தூக்கத்தில் பேசுகிறவன் போல. "காவி உடுத்துவார். மூக்குப்பொடி போடுவார். கையில் ஒரு வெள்ளி மணி வைத்திருப்பார்."

சபையில் ஒரு சலசலப்பு. யோகியின் முகம் வெளுத்தது. "அது... அது நான். நான் கேட்டது அரசரை."

"யாருடைய குரல் மட்டும் காதில் விழுகிறதோ, யார் சொன்னால் மட்டும் கேட்கவேண்டுமோ, அவர்தானே அரசர்? எனக்கு வேறு குரல் எதுவும் விழவில்லையே."

"ஆவுடை" என்றான் அரசன். "நாம் இங்கே இருக்கிறோம்."

ஆவுடைநாதன் அசையவில்லை.

"எழுந்து நில். இது நம் ஆணை."

அவன் உட்கார்ந்தே இருந்தான். முதுகில் வியர்வை ஊறி வழிவது அவனுக்குத் தெரிந்தது. அரசன் காவலனுக்குக் கண்ணைக் காட்ட, வாள் உறையிலிருந்து வரும் சத்தமும் கேட்டது. நாச்சியாரை நினைத்துக்கொண்டான். இமையை மட்டும் திறக்கவில்லை.

அரசன் வாளை நிறுத்தச் சொன்னான். பிறகு யோகியிடம் மெதுவாகக் கேட்டான். "இந்த வாக்கியத்தை எல்லோருக்கும் சொன்னீரா?"

"அதைச் சொல்லாமல் வித்தை ஆரம்பமாகாது, மகாராஜா."

"நம் சேனாபதிக்கும்?"

"ஆம்."

"ஆக, நாளை எதிரி கோட்டை வாசலில் நிற்கும்போது நாம் புறப்படு என்றால் நம் சேனாபதிக்குக் கேட்காது. நீர் குரைக்கச் சொன்னால் குரைப்பார்."

சேனாபதி ஓடிவந்து காலில் விழுந்தார். "கேட்கும் மகாராஜா. அன்றைக்கும் எல்லாமே கேட்டது. நான் மயங்கவே இல்லை." ராஜகுருவும் எழுந்து, பட்டத்து ராணி விஷயத்தில் தமக்கு இப்போது சந்தேகம் தோன்றுவதாகச் சொன்னார். வைத்தியர் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

அரசன் பிரதானியைப் பார்த்தான். "உமக்கு யாருடைய குரல் கேட்கிறது?"

பூவராகர் கணக்குப் போட்டுப் பார்த்தார். யோகியின் குரல் என்றால் ராஜத்துரோகம். அரசர் குரல் என்றால் ராஜாவிடம் பொய் சொன்ன குற்றம். "தங்கள் குரல்தான், மகாராஜா" என்றார் கடைசியில்.

"வேப்பிலை?"

"கசந்தது."

"அன்றே சொல்லியிருக்கலாமே."

"தாங்கள் கைதட்டினீர்கள், மகாராஜா."

அரசன் தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

யோகி மணியைக் கீழே வைத்துவிட்டு, எலும்பு வைத்தியர் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு அரசன் சொன்னபடி ஆவுடைநாதனை எழுப்பினார்.

"இனி உன் வழக்கு" என்றான் அரசன். "நீ மயங்கினாயா, நடித்தாயா? நடித்திருந்தால் நம் ஆணையைக் காதில் வாங்கிக்கொண்டே மீறியிருக்கிறாய்."

"அரசே, இவர் நேற்று என் பல்வலியைப் போகச் சொன்னார், போயிற்று. அது மெய். இன்று தங்கள் குரல் விழாது என்றார், ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. வாள் சத்தம்கூட."

"அப்படியும் ஏன் எழவில்லை?"

"மயங்கியவன் யோகியின் சொல்லை மட்டுமே கேட்கவேண்டும் என்பது வித்தை. என்னை மயங்கச் சொன்னது தங்கள் ஆணை. எழுந்திருந்தால் முதல் ஆணையை மீறியவன் ஆவேன். முதலில் வந்த ஆணைக்கு முதல் மரியாதை கொடுத்தேன்."

அரசன் அவனை உற்றுப் பார்த்தான். பிறகு சிரித்தான். சிம்மாசனம் ஆடும்படி சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி ஆவுடைநாதன் கழுத்தில் போட்டான். துரியானந்தரை நகரத்து வைத்தியசாலையில், அடிபட்டு வருகிறவர்களின் தலைமாட்டில் உட்காரும் வேலைக்கு நியமித்தான். யோகிக்குக் கண் கலங்கிவிட்டது.

அரசன் சிரித்ததும் சபையும் சிரித்தது. சேனாபதி தொடையைத் தட்டிச் சிரித்தார், ராஜகுரு குடுமி அவிழச் சிரித்தார், பூவராகர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

அரசன் சட்டென்று சிரிப்பை நிறுத்தினான். சபையும் நிறுத்தியது.

லேசாக ஒரு தரம் சிரித்துப் பார்த்தான். சபை முழுவதும் லேசாக ஒரு தரம் சிரித்தது.

அரசன் ஆவுடைநாதன் பக்கம் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காதபடி கேட்டான்.

"இவர்களை யாரப்பா எழுப்புவது?"