காற்று பூஜ்யம்

"கம்ப்யூட்டர் என்னைத் தடுத்தது, டீச்சர். நான்தான் கேட்கலை."

கொம்பையா வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

துறைமுக அலுவலகத்தில் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டு, ஐம்பத்திரண்டாம் வயதில் லூர்துமேரியிடம் லினக்ஸ் கற்க வந்தவர் அவர். லூர்துமேரிக்கு முப்பத்தொன்று.

கடலோரத்தில் ஒன்பது ஊர்களில் புயல் காப்பகங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர். அவற்றில் ஓடும் லினக்ஸைத் தொகுத்து அனுப்புவது அவள் வேலை. அனுப்பும் சாவியை இந்த மாதம்தான் கொம்பையாவிடம் கொடுத்திருந்தாள்.

"என்ன சொல்லித் தடுத்தது?"

"'இந்தக் கோப்பு வேறொரு பேக்கேஜுக்குச் சொந்தம். இதன்மேல் எழுத மாட்டேன்' என்றது."

"நீங்க என்ன சொன்னீங்க, அண்ணாச்சி?"

"எழுதுன்னேன்."

"அது கேட்டுதா?"

"கட்டாயம்னு ஒரு சொல் சேர்த்தேன். கேட்டுக்கிட்டது. ஒன்பது ஊர்லயும்."

அவள் நாற்காலியைத் திருப்பினாள்.

"கோப்புக்கு என்ன பேரு?"

"வி, ஏ, எல், ஐ."

"நர்ஸம்மா கேட்ட வலியா? கூரைமேல இருக்கிற வளியா?"

"இருந்தது வளி. மேல எழுதினது வலி."

இங்கிலீஷ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான்.

வளி பழைய நிரல். காப்பகத்தின் கூரையில் சுழலும் கிண்ணங்களைப் பார்த்துக் காற்றின் வேகத்தைச் சொல்லும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். வருகிற எண் ஐம்பதைத் தாண்டினால் அபாயச் சங்கு ஊதும். சங்கு ஊதினால் யாரும் படகை இறக்க மாட்டார்கள்.

வலி புதியது; காப்பகங்களுக்கு வரும் நர்ஸம்மா கேட்டு எழுதியது. நோயாளி தன் வலி பத்துக்கு எத்தனை என்று சொன்னால் எழுதிக்கொள்ளும். எதிரே யாரும் இல்லாவிட்டால் பூஜ்யம் என்று சொல்லும்.

"என்னைக்கு அனுப்பினீங்க?"

"திங்கள்."

அன்று வியாழன்.

அவள் ஒன்பது ஊர்ப் பதிவையும் திறந்தாள். பூஜ்யம். பூஜ்யம். பக்கம் பக்கமாகப் பூஜ்யம்.

"மூணு நாளா நம்ம கடலோரத்துல காத்தே இல்லை," என்றாள்.

ஜன்னல் கதவு படாரென்று அடித்தது. வெளியே பனைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

மணி மூன்று பத்து.

"நாலு மணிக்கு என் மருமகன் படகை இறக்குவான், டீச்சர்."

அவள் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.

"வலியை எடுத்துடுதேன். இப்பவே எடுத்துடுதேன்."

"முதல்ல இதுல எடுத்துப் பாருங்க."

மேசைமேல் சோதனைக் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. கொம்பையா எடுத்தார். பிறகு அந்த நான்கு எழுத்தை அடித்துக் கூப்பிட்டார்.

அப்படி ஒன்று இல்லை என்றது.

வலி போகும்போது பெயரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதன் அடியில் வளி திங்கட்கிழமையே அழிந்திருந்தது.

கொம்பையா அவள் பக்கம் திரும்பினார்.

"வளியைத் திரும்பப் போட்டா?"

"வரும். ஆனா அங்க உள்ள கம்ப்யூட்டர் புதுசை வாங்க வாறது சாயங்காலம் ஆறு மணிக்கு."

அவள் போனை அவர் முன்னால் நகர்த்தினாள்.

பட்டியலில் முதல் ஊர். காப்பகக் காவலாளி எடுத்தார்.

"வளி நின்னுபோச்சு!" என்றார் கொம்பையா.

"வலி நின்னுட்டா? நல்லதாப் போச்சு, அண்ணாச்சி. என்ன தைலம் தேச்சீங்க?"

அந்தக் கரையில் காதுக்கும் இரண்டும் ஒன்றுதான்.

"காத்து!" லூர்துமேரி போனுக்குள் கத்தினாள். "காத்து எப்படி அடிக்கு?"

"ஓடு பறக்கு, தாயி. சங்கு ஊதலையேன்னு நானும் பார்க்கேன். ஊதலைன்னா பயமில்லைன்னு பயலுவ கிளம்புதானுவ."

"சுவத்துல சிவப்பு சுவிட்சு இருக்கும். கையால போடுங்க."

போனுக்குள் சங்கு அலறியது.

இரண்டாவது ஊரிலிருந்து கொம்பையா காத்து என்றே சொன்னார். எட்டு ஊர். எட்டுச் சங்கு.

ஒன்பதாவது ஊரில் காப்பகத்துப் போனை யாரும் எடுக்கவில்லை. அது மருமகனின் ஊர்.

மணி மூன்று ஐம்பத்திரண்டு.

மருமகனின் செல்லுக்கே போட்டார். அவனுக்குத் தெரியாத நம்பர். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தான். அலையும் காற்றுமாக ஒரே இரைச்சல்.

"மாப்பிள்ளை! மாமா பேசுறேன்!"

"எந்த மாமா?"

அந்த ஊரில் பாதிப் பேர் அவனுக்கு மாமா.

"மாமாதான்! மாமா!"

"எந்த மாமா? காத்துல ஒண்ணும் கேக்கலை. படகைத் தள்ளுதோம், வச்சிருதேன்."

மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து மருமகனிடம் அவர் தன் பெயரைச் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டி வந்ததில்லை.

"கொம்பையா!" என்று அலறினார். "சந்தனமாரி அப்பன் கொம்பையா பேசுறேன்! படகை இறக்காதே!"

லைன் அறுந்தது.

திரும்பப் போட்டார். போகவில்லை. மறுபடி போட்டார்.

நான்கு மணி ஆனது. நான்கு ஐந்து ஆனது. கூரைத் தகடு முனகிக்கொண்டிருந்தது. லூர்துமேரி சிலுவைக்குறி போட்டதைக் கொம்பையா பார்த்தார். அதுவரை அவள் பயந்து அவர் பார்த்ததில்லை.

நான்கு பதினொன்றுக்குப் போன் அடித்தது.

"கொம்பையா மாமா," என்றது மருமகனின் குரல். "படகு மேட்டுலதான் கிடக்கு. ஒருத்தனையும் விடலை."

கொம்பையா அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து லூர்துமேரி கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"வளி முதல்ல வந்தது. வலியை நிறையப் பேர் கேக்காங்க. பேரை ரெண்டுல எதுக்குக் கொடுக்கப் போறீங்க, அண்ணாச்சி?"

கொம்பையா எழுந்து வந்தார். ஒன்றுக்குக் காத்து என்று பெயர் வைத்தார். மற்றதற்கு நோவு.

"பழைய பேரு எங்கெங்கயோ எழுதிக் கிடக்கு. அந்த நாலு எழுத்தைச் சொல்லி யாராவது கூப்பிட்டா?" என்றாள்.

"பூஜ்யம்னு மட்டும் சொல்லிரக் கூடாது."

"பின்னே?"

"'எந்த'ன்னு கேக்கட்டும், டீச்சர்."