வழியனுப்பக் கூடாத வாசல்

எவரிஸ்டோ தன் குருவைத் தேடி வந்தபோது அவனுக்கு ஐம்பத்தெட்டு வயது. குருவுக்கு அறுபத்திரண்டு. எவரிஸ்டோ இரண்டு தடவை மேயராக இருந்தவன், ஒரு தடவை மணிலாவில் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தவன். மரியாதையாக 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் குருவின் முன்னால் போய் நின்றுவிட்டால் யாராக இருந்தாலும் 'அவன்'தான். நான் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

குருவின் பெயர் பெர்பெத்துவா. காவி கட்டிய சாமியார் இல்லை, வக்கீல். பிலிப்பைன்ஸில் வக்கீலை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'அட்டர்னி' என்பார்கள். மீன்காரியும் அப்படித்தான் கூப்பிடுவாள், எதிராளியும் அப்படித்தான் கூப்பிடுவான். தொழிலை விட்டுவிட்டுக் கடலோரத்தில் கத்தரிக்காய் போட்டுக்கொண்டிருந்த இந்த அம்மாவையும் ஊர் இன்னும் அட்டர்னி என்றுதான் கூப்பிட்டது.

எவரிஸ்டோ வக்கீலாகி வந்த புதிதில் இவரிடம்தான் தொழில் கற்றான். முதல் மனுவை நாற்பது பக்கம் எழுதிக் கொண்டுபோய் நீட்டினான். பெர்பெத்துவா பொறுமையாகப் படித்தார். "நல்லா இருக்கு. இதுல உன் கட்சிக்காரன் எங்க இருக்கான்?" என்று கேட்டார். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சட்டம் இருந்தது, லத்தீன் இருந்தது. ஆளைத்தான் காணவில்லை.

அதற்கப்புறம் நன்றாகவே கற்றுக்கொண்டான். ஒரு உல்லாச விடுதிக்காரன் கடற்கரையில் வேலி போட்டு மீனவர்களை விரட்டியபோது, பணம் வாங்காமல் அந்த வழக்கை நடத்தி ஜெயித்தான். ஊர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டது. தோளில் ஏறியவனை யாராவது இறங்க விடுவார்களா? அடுத்த வருடம் கவுன்சிலர். பிறகு மேயர்.

வக்கீலாக இருந்தபோதும் அவனுக்குக் கட்சிக்காரர்கள் இருந்தார்கள், அரசியலுக்கு வந்த பிறகும் கட்சிக்காரர்கள்தான். சொல் ஒன்றுதான். முதல் வகை வழக்கு முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடும். இரண்டாவது வகை போகவே போகாது.

அந்த நாட்டில் ஓட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டால், மேடையில் என்று விவரம் தெரியாதவர்கள் சொல்வார்கள். சாவு வீட்டில்தான் கிடைக்கும். இறந்தவரை நாட்கணக்கில் வீட்டிலேயே வைத்திருப்பார்கள். ஊர் வந்து உட்காரும். காப்பி, பிஸ்கட், சீட்டாட்டம், அழுகை, சிரிப்பு எல்லாம் அங்கேயே நடக்கும். எவரிஸ்டோ ஒரு சாவையும் விட்டதில்லை. எதிர்க்கட்சிக்காரன் செத்தாலும் முதல் வரிசையில் இருப்பான்.

அந்தச் சாவு வீடுகளுக்கு இரண்டு வழக்கம் உண்டு. வந்தவர்களைத் துக்க வீட்டார் வாசல்வரை போய் வழியனுப்பக் கூடாது. அனுப்பினால் இன்னொரு சாவை அழைத்தது மாதிரி. வந்தவர்களும் அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போகக் கூடாது. வேறு எங்காவது கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். அதற்குப் 'பக்பாக்' என்று பெயர். உதறுவது என்று அர்த்தம். சாவு காலோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடக் கூடாதாம்.

எவரிஸ்டோ கட்சி ஆபீஸில் நின்று உதறுவான். அங்கே அவனுக்காக யாராவது காத்துக்கொண்டிருப்பார்கள். அங்கிருந்து ஒரு கல்யாணம், அங்கிருந்து ஒரு பஞ்சாயத்து, மறுபடியும் ஒரு சாவு. அவன் மனைவி கரிதாத் சோற்றை மூடி வைத்துக் காத்திருப்பாள். மகள் லிகாயாவும் கூடவே காத்திருந்தாள். கொஞ்சம் வளர்ந்த பிறகு காத்திருக்காமல் தூங்கப் பழகிக்கொண்டாள்.

கடைசித் தேர்தலில், டிவியில் பாட்டுப்போட்டி நடத்தும் ஒருவனிடம் எவரிஸ்டோ தோற்றுப்போனான். அடுத்த தேர்தல் வருவதற்குள் கரிதாத்தும் செத்துப்போனாள்.

அவள் சாவுக்குக் கூட்டம் அலைமோதியது. எவரிஸ்டோ வந்தவர்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்தான். பிள்ளைகளின் படிப்பை விசாரித்தான். அவர்கள் கிளம்பும்போது கூடவே எழுந்து வாசல்வரை போய்க் கையாட்டினான். ஊரே திகைத்து நின்றது. அவனுக்கு உறைக்கவில்லை. இத்தனை வருடத்துப் பழக்கம், கால் தானாகப் போனது.

லிகாயாதான் சவப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள்.

"அப்பா, இது அம்மாவோட சாவு. உங்க கூட்டம் இல்ல."

அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. துணிமணிகளை எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்குச் செபு நகரத்தில் நர்ஸ் வேலை. அம்மாவின் நாற்பதாம் நாள் பூசை வெள்ளிக்கிழமை. மறுநாள் கப்பலில் கிளம்பிவிடுவாள்.

அந்த வாரத்தில்தான் எவரிஸ்டோ கடலோரத்துக்கு வந்தான். பெர்பெத்துவா கத்தரிச் செடிகளுக்கு நடுவே குனிந்திருந்தார்.

"அட்டர்னி, ஒரு விஷயம் கேக்கணும்."

"கேளு. நாற்பது பக்கம் போயிடாத."

"மறுபடி தேர்தல்ல நிக்கச் சொல்றாங்க. மனு குடுக்க நாளைக்குக் கடைசி."

"ஜெயிப்பியா?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்கு நிக்கணும்?"

எவரிஸ்டோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "நின்னா வீட்டுல ஆள் இருக்கும். யாராவது வருவாங்க, போவாங்க. நிக்கலைன்னா நான் மட்டும்தான். லிகாயாவும் போயிட்டா. காலையில எழுந்தா அந்த வீட்டுல என் இருமல் சத்தம்தான் கேக்குது. நிக்கட்டுமா, வேண்டாமா?"

பெர்பெத்துவா கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"பக்கத்துத் தெருவுல ஒரு சாவு. இக்னாசியோன்னு ஒரு மீனவன், அவன் பொண்டாட்டி. நான் போறேன், நீயும் வா."

நல்ல வெயில். சின்ன வீடு. வாசலில் தார்ப்பாய் கட்டி, கீழே மேசை போட்டிருந்தார்கள். எவரிஸ்டோ தலையைக் காட்டியதும் சத்தம் எழுந்தது.

"மேயர் வந்துட்டார்!"

அவன் முகம் மாறியது. முதுகு நிமிர்ந்தது. மேசை மேசையாகப் போனான். ஒரு கிழவரின் முழங்கால் வலியைக் கேட்டான். ஒருத்தி பாலம் எப்போது வரும் என்று கேட்டாள், பாலத்தைப் பற்றி விவரமாகச் சொன்னான். அவன் இப்போது எந்தப் பதவியிலும் இல்லை என்பது அவளுக்கும் மறந்துபோயிற்று, அவனுக்கும் மறந்துபோயிற்று.

பெர்பெத்துவா நேராக உள்ளே போய்விட்டார். இக்னாசியோ பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தான். அவனுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஒருவழியாக எவரிஸ்டோவும் உள்ளே வந்தான்.

"உங்க துக்கத்துல எனக்கும் பங்கு உண்டு, இக்னாசியோ."

இக்னாசியோ நிமிர்ந்து பார்க்கவில்லை. "உக்காருங்க" என்றான்.

உட்கார்ந்தான். பேசுவதற்கு ஒன்றும் இல்லை. இக்னாசியோ பெட்டியின் கண்ணாடி வழியாக மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு ஈ கண்ணாடியில் வந்து உட்கார்ந்தது, விரட்டினான். மறுபடி வந்தது, மறுபடி விரட்டினான். அவ்வளவுதான் நடந்தது. எவரிஸ்டோவுக்கு மூச்சு முட்டியது. காப்பி குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே தார்ப்பாய்க்குக் கீழே போய்விட்டான். அங்கே போனதும்தான் மூச்சு வந்தது.

பெர்பெத்துவா வெகு நேரம் கழித்துத்தான் எழுந்தார். இக்னாசியோவின் தோளை ஒரு தடவை தொட்டார். இருவரும் கிளம்பினார்கள். தெருமுனையில் எவரிஸ்டோ நின்று திரும்பிப் பார்த்தான்.

"என்ன பாக்குற?"

"யாரும் எழுந்து வரல."

"வரக் கூடாதே."

"தெரியும்." கொஞ்ச தூரம் நடந்தான். பிறகு சொன்னான்: "நான் போனேன், அட்டர்னி. கரிதாத்தை உள்ள தனியா விட்டுட்டு வாசல் வாசல்னு போனேன். ஒவ்வொருத்தன் கூடவும் போனேன்."

"ஏன் போன?"

பழக்கம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அது வரவில்லை.

"எல்லாரும் போயிட்டா நானும் அவளும் மட்டும் இருக்கணும். அது பயமா இருந்தது."

எதற்கும் ஒரு குத்தல் வைத்திருக்கும் பெர்பெத்துவா அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தார்.

எதிரே ஒரு ரொட்டிக்கடை இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கடைக்காரி சூடான பன்னும் காப்பியும் கொண்டுவந்து வைத்தாள்.

"மேயர், மறுபடி நிக்கிறீங்களாமே! எங்க வீட்டுல நாலு ஓட்டு."

எவரிஸ்டோ சிரித்தான். சுவரொட்டியில் இருக்கும் அதே சிரிப்பு. அவள் போனதும் அது இறங்கிவிட்டது.

"உதறியாச்சா?" என்று கேட்டார் பெர்பெத்துவா.

"ஆச்சு."

"இத்தனை வருஷமா எங்க நின்னு உதறின?"

"கட்சி ஆபீஸ்ல."

"அங்கிருந்து நேரா வீட்டுக்கா?"

"இல்ல. அங்க யாராவது இருப்பாங்க. கூப்பிடுவாங்க." பன்னைப் பிய்த்தான், சாப்பிடவில்லை. "ஒண்ணு மட்டும் சொல்றேன் அட்டர்னி. ஊர்ல அத்தனை சாவுக்குப் போயிருக்கேன். கரிதாத் போறவரைக்கும் ஒரு தடவைகூடச் சாவு என் பின்னால வீட்டுக்கு வந்ததில்ல."

"வந்ததில்லதான். நீயும் போனதில்ல."

எவரிஸ்டோ பிய்த்த பன்னைத் தட்டிலேயே வைத்தான்.

சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். கட்சிச் செயலாளர். வழக்கமாக இரண்டாவது மணியோசைக்குள் எடுத்துவிடுகிறவன், அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்தான்.

"நான் நிக்கல. வேற ஆளைப் பாருங்க."

அந்தப் பக்கம் என்னவோ கத்தினார்கள். அவன் போனை அணைத்துவிட்டான். அதைப் பெஞ்சில் கவிழ்த்து வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். வழக்கில் தோற்ற அன்றுகூட அவனை அப்படிப் பார்த்ததில்லை என்று பெர்பெத்துவா நினைத்துக்கொண்டார். காப்பியை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"குடி. ஆறிப்போகுது."

குடித்தான். கடைக்காரி வேறு யாருக்கோ ரொட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்களை யாரும் கவனிக்கவில்லை. அவனுக்கு அது புதிதாக இருந்தது. கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

"அட்டர்னி."

"சொல்லு, இஸ்தோ."

அவனை இஸ்தோ என்று கூப்பிட இப்போது உலகத்தில் இவர் ஒருவர்தான் மிச்சம்.

"நிக்கலன்னு சொல்லிட்டேன். இப்ப எழுந்து அந்த வீட்டுக்குப் போகணும். கதவைத் திறந்தா யாரும் இருக்க மாட்டாங்க. யாரும் வரவும் மாட்டாங்க. யாரும் வராத வீட்டுல ஒரு ஆள் எப்படி இருக்கிறது? எனக்குத் தெரியல. மனு எழுதச் சொல்லிக் குடுத்தீங்க, கோர்ட்டுல நிக்கச் சொல்லிக் குடுத்தீங்க. இதையும் சொல்லிக் குடுங்க."

பெர்பெத்துவா எழுந்து காய்ந்த திராட்சை மாதிரி சுருங்கிப்போன தன் கைப்பையை எடுத்துக்கொண்டார்.

"அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க ரெண்டு பேர் உன் வீட்டுலயே இருந்தாங்க. ஒருத்தி செத்துப்போயிட்டா. இன்னொருத்திக்குச் சனிக்கிழமை கப்பல்."