சோளத்தோட வாய்நாத்தம்

ஒரு ஆத்துல ஒரு பரிசல் இருந்துச்சு கண்ணு. பரிசல்னா தெரியுமா? பெரிய கூடை மாதிரி மூங்கில்ல வட்டமாப் பின்னி, தண்ணி புகாம அடியில தார்ப்பாய் கட்டியிருப்பாங்க. பத்துப் பேரு அதுக்குள்ள சுத்தி உக்காந்துக்கலாம். அப்ப ஆத்துக்குப் பாலம் கெடையாது. ஆஸ்பத்திரி இந்தக் கரை, ஊரு அந்தக் கரை. நான் அந்த ஆஸ்பத்திரியில பிரசவம் பாக்கற நர்ஸு. உங்கம்மாகூட அப்பப் பொறக்கல. கேக்கறயா?

"ம்."

பரிசல் ஓட்டுறவரு பேரு சென்னியப்பன். ஒண்டிக்கட்டை. அதிகம் பேசமாட்டாரு. அவருகூட எப்பவும் ஒரு நாய். சோளக்கதிரு மாதிரி மஞ்சளா இருக்கும், அதனால அதுக்குச் சோளம்னு பேரு. பரிசல்ல நடுவுல குந்திக்கிட்டு, ஏறுறவங்க மூஞ்சிய ஒவ்வொண்ணாப் பாக்கும். பாத்துட்டு, ஹா... ஹா...ன்னு வாயத் தொறந்து மூச்சு விடும்.

அந்த நாத்தம் இருக்குதே கண்ணு! செத்த மீனு, ஊசிப்போன கொழம்பு, ரெண்டையும் ஒரு சட்டியில போட்டு மூடி வெச்சுத் தொறந்த மாதிரி. வட்டப் பரிசல்ல எங்க ஓடுறது? சுத்தியும் தண்ணி. இந்தப் பக்கம் திரும்புனா சோளமும் இந்தப் பக்கம் திரும்பும். பள்ளிக்கூடத்து வாத்தியாரு வேட்டி நுனியில மூக்கப் பொத்திக்கிட்டே கரை சேருவாரு. புதுசா வந்த பொண்ணு ஒருத்தி, உவ்வேன்னு ஆத்துலயே வாந்தி எடுத்துட்டா.

அப்புறம் என்னாச்சு? எல்லாருமாப் போயி, பரிசல் துறைய ஏலம் எடுத்திருந்த அவினாசியப்பன்கிட்டச் சொல்லிட்டாங்க. அவரு வந்தாரு. ஆளு கொஞ்சம் கடுகடுப்பு.

"ஏம்ப்பா சென்னியப்பா, நாயக் கரையில கட்டு. ஆடிப் பதினெட்டுக்குச் சனம் அலைமோதும். அன்னிக்கும் இந்த நாத்தம் இருந்துச்சுன்னா துடுப்ப வெச்சுட்டு நீ கெளம்பிரு. வேற ஆளப் போட்டுக்கறேன்."

சென்னியப்பன் தலைய மட்டும் ஆட்டுனாரு. அன்னைலருந்து சோளத்த அந்தக் கரையில ஒரு புங்கமரத்துல கட்டிப் போட்டாரு.

அப்போ ஒரு நாளு, அந்தக் கரையில ஒரு பொண்ணுக்கு வலி எடுத்திருச்சுன்னு தகவல் வந்துச்சு. நான் பையத் தூக்கிக்கிட்டு ஓடியாறேன். பரிசல் அந்தக் கரையில கெடக்குது. சென்னியப்பன் எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு, குந்தி துடுப்பச் செதுக்கிக்கிட்டு இருக்கறாரு. நான் கத்தறேன், "ஏனுங்கோ! பரிசலூ!" திரும்பல. தொண்ட கிழியக் கத்தறேன். ம்ஹூம். ஆனா சோளம் மரத்தடியில நின்னுக்கிட்டு லொள் லொள் லொள்னு குதிக்குது, கயித்த இழுக்குது. நாய் கொலைக்கறது ஆத்தத் தாண்டி எனக்குக் கேக்குது. பத்தடி தள்ளி இருக்கற மனுசனுக்குக் கேக்கல.

அப்பத்தான் எனக்குப் பொட்டுனு வெளங்குச்சு.

அரை மணி நேரம் கழிச்சு அவரு தற்செயலாத் திரும்பி என்னப் பாத்தாரு. நான் போயிச் சேர்றதுக்குள்ள கொழந்தை பொறந்திருச்சு. நல்லவேளை, தாயும் புள்ளையும் நல்லா இருந்தாங்க. ஆனா நெனச்சுப் பாரு கண்ணு. வேற மாதிரி ஆகியிருந்தா?

திரும்பி வந்து அவரு மூஞ்சிக்கு நேரா நின்னு கேட்டேன். "உங்களுக்குக் காது கேக்காதுங்களா?"

அவரு என் உதட்டையே பாத்தாரு. அப்புறம் மணல்ல அப்பிடியே உக்காந்துட்டாரு. "மூணு வருசமாச்சுங்க நர்ஸம்மா. காய்ச்சல்ல போச்சு. அக்கரையில ஆரு கூப்புட்டாலும் சோளம் வந்து என் சட்டையப் புடிச்சு இழுக்கும். நான் திரும்பிக்குவேன். வெளிய சொல்லீராதீங்க. துடுப்பு ஒண்ணுதானுங்க எனக்குத் தெரியும்."

நான் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணேன். ஆனா ஆடிப் பதினெட்டுக்கு இருபது நாளுதான் இருக்குது. நாத்தம் போகணும், இல்லாட்டி நாய் போகணும். நாய் போச்சுன்னா சென்னியப்பனும் போகணும். நான் மனுசருக்குப் பிரசவம் பாக்கறவ, நாய் வாயப் பத்தி எனக்கு என்ன தெரியும்? தூங்கிட்டயா?

"ம்ம்... இல்ல அம்மிச்சி."

சந்தைக்குக் கீரை கொண்டு போற மாராக்கான்னு ஒருத்தி பரிசல்ல வருவா. அவ ஒரு கை புதினாவும் கொத்தமல்லியும் கிள்ளிக் குடுத்தா. "தயிரு சோத்துல பொடிசா அரிஞ்சு போட்டுக் குடுங்க நர்ஸம்மா." குடுத்தோம். சோளம் சளக் சளக்குன்னு நக்கித் தின்னுச்சு. ஒரு மணி நேரம் ஆத்தங்கரையே துவையல் வாசம். அப்புறம்? அந்தப் பழைய நாத்தம் புதினாவையும் சேத்துக்கிட்டு வந்துச்சு. முன்னைக்கு இப்ப மோசம்.

அப்போ வாத்தியாரு மனசு எரங்கி, தன்னோட பல்பொடி டப்பாவக் கொண்டாந்தாரு. நாங்க அசந்த நேரத்துல ஒரு சிட்டிகைய எடுத்துச் சோளத்தோட பல்லுல தேச்சுப்புட்டாரு. சோளத்துக்குக் கொப்பளிச்சுத் துப்பத் தெரியுமா? முழுங்கிருச்சு. வாயெல்லாம் நொர, நொரயா வந்து, கொளக் கொளக்னு வாந்தி எடுத்துச்சு. ரெண்டு நாளு சோறு திங்கல. நான் வாத்தியாரப் புடிச்சு, "நம்ம பல்பொடியெல்லாம் நாய்க்கு ஆகாதுங்க, வயித்தக் கெடுத்துரும்"னு சத்தம் போட்டேன். பாவம், அவரு கண்ணுல தண்ணி வந்திருச்சு. அதுக்கப்புறம் அவரு மூக்கப் பொத்தறதையே விட்டுட்டாரு.

மூணாவதா, நானே ஒக்காந்து யோசிச்சேன். நாளு பூரா சோளம் என்ன பண்ணுதுன்னு பாத்தேன். கயிறு எட்டற தூரத்துல, பரிசலுக்கு அடியில தேங்கி நிக்கற தண்ணி, மீன் செதில் மெதக்கற தண்ணி, அதத்தான் குடிக்குது. சென்னியப்பன்கிட்ட ஒரு மண்சட்டி வாங்கி வெக்கச் சொன்னேன். காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா, கழுவி நல்ல தண்ணி ஊத்துனாரு. மாராக்கா தெனமும் ஒரு கேரட் கொண்டாந்து போடுவா. மொறுக் மொறுக்னு அது கடிக்கறப்ப முன்னாடிப் பல்லெல்லாம் வெளுக்க ஆரம்பிச்சுது. நாத்தம் பாதியாக் கொறைஞ்சுது. பாதிதான்.

அப்புறம் ஒரு பழைய மல்லுத்துணிய வெரல்ல சுத்திக்கிட்டு, ரெண்டு சொட்டுத் தேங்கா எண்ணெய் தொட்டு, பல்லத் தேச்சுப் பாக்கலாம்னு நெனச்சேன். எடுத்ததும் உள்ள கைய விட்டா கடிச்சு வெச்சிரும் இல்ல? மொதல் நாளு எண்ணெய நக்க மட்டும் விட்டேன். ரெண்டாம் நாளு உதட்ட மட்டும் தடவுனேன். மூணாம் நாளு முன்பல்லு. சென்னியப்பன் அதோட கழுத்தக் கட்டிக்கிட்டு, "ஒண்ணுமில்லடா தங்கம், ஒண்ணுமில்ல"ம்பாரு. அவரு கொரலு அவருக்கே கேக்காது. சோளத்துக்குக் கேக்கும்.

ஒரு வாரம் இப்பிடிப் போச்சு. அப்போ ஒரு காலையில, வெரலு மேல் கடவாப்பல்லுப் பக்கம் போச்சு. கய்ங்ன்னு கத்துச்சு சோளம்! நான் வாயத் தொறந்து வெளிச்சத்துல பாத்தேன். என்ன இருந்துச்சு தெரியுமா?

"என்ன?"

மேல் அண்ணத்துல, இந்தக் கடவாப்பல்லுலருந்து அந்தக் கடவாப்பல்லுக்குக் குறுக்க, ஒரு மூங்கில் சிலாம்பு! பரிசல் விளிம்பக் கடிச்சிருக்குது, ஒரு துண்டு ஒடிஞ்சு உத்தரம் மாதிரி மாட்டிக்கிச்சு. அதுல சோறும் மீனும் சிக்கி, ஈறு வீங்கி, எத்தன மாசமா அந்த வேதனையோட எங்க மூஞ்சியெல்லாம் பாத்துக்கிட்டு இருந்துச்சோ, வாயில்லாச் சீவன்.

எம் பையில இடுக்கி இருந்துச்சு. சென்னியப்பன் இறுக்கிப் புடிச்சுக்கிட்டாரு. ஒரு திருப்பு. டக்! வந்திருச்சு. சோளம் ஒரு நிமிசம் நாக்கால அண்ணத்தத் தடவிப் பாத்துச்சு. திரும்பத் தடவிப் பாத்துச்சு. அப்புறம் கரை முழுக்க ஓடுச்சு பாரு, கிறுக்குப் புடிச்ச மாதிரி! அன்னிக்கே மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டரு புண்ணுக்கு மருந்து குடுத்தாரு. "இந்தத் துணியில தேக்கறது, நல்ல தண்ணி, கேரட்டு, இதையெல்லாம் விட்டுராதீங்க"ன்னாரு.

ஆடிப் பதினெட்டு வந்துச்சு. அன்னிக்குச் சோளத்த அவுத்து, பழையபடி பரிசல்ல ஏத்திக்கிட்டாரு சென்னியப்பன். ஆத்துல தண்ணி கரை தொட்டு ஓடுது. பொம்பளைங்க மஞ்சக் கயிறும் பூவும் வெச்சுக்கிட்டு நிக்கறாங்க. அவினாசியப்பன் வந்து பரிசல்ல ஏறுனாரு. சோளம் நேரா அவரு மூஞ்சிக்கு மூஞ்சி குந்துச்சு. ஹாஆஆன்னு ஒரு கொட்டாவி விட்டுச்சு. நாங்க மூச்ச நிறுத்திட்டோம்.

அவரு மூக்கச் சுருக்கி மோந்தாரு. "என்னப்பா இது, தேங்கா எண்ணெ வாசம் வருது!"

எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அவரு சிரிக்கல. "சரி, நாத்தம் போச்சு. ஆனாலும் இன்னிக்கு இருக்கற கூட்டத்துக்குப் பரிசல்ல நாய் எதுக்கு? ஒரு ஆளு எடம். கரையில கட்டிட்டு வா."

சத்தியம் பண்ணியிருக்கறேனே, என்னன்னு சொல்லுவேன்? சென்னியப்பன் அவரு உதட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. துடுப்பக் கீழ வெச்சாரு. "எனக்குக் காது கேக்காதுங்க. இதுதான் எனக்காகக் கேக்குது. இது எறங்குனா நானும் எறங்கிக்கறேன்."

அவினாசியப்பன் மூஞ்சி செவந்து போச்சு. "காது கேக்காத ஆள நம்பியா இத்தன சனத்த ஆத்துல விட்டுட்டு இருக்கறேன்?"

அப்போ மாராக்கா எந்திரிச்சா. "ஏனுங்க, எங்களுக்குத் தெரியுமுங்க. அன்னிக்கு நாய் கொலைச்சது ஊருக்கே கேட்டுச்சு, இவருக்கு மட்டும் கேக்கல. அன்னைலருந்து அக்கரையில நின்னு நாங்க ஆரும் பரிசலுன்னு கூப்புடறதில்ல. சோளம்னுதான் கூப்புடறோம். கட்டியிருந்தப்பகூட எங்க புள்ளைங்க போயி அவுத்து விட்டுருவாங்க. ஒருக்காக் கூப்புட்டாப் பரிசல் வந்துருதுங்க."

வாத்தியாரும் மெதுவாச் சொன்னாரு, "ஆத்தப் பாக்கறதுக்குக் கண்ணுதானுங்களே வேணும்."

நான் வாயப் பொத்திக் காப்பாத்துன ரகசியம் ஊருக்கே தெரிஞ்சிருக்குது கண்ணு! ஒருத்தர்கூட வெளிய விடல.

அவினாசியப்பன் சுத்தி இருந்த மூஞ்சிய ஒவ்வொண்ணாப் பாத்தாரு. அப்புறம் துண்ட மடியில இழுத்துப் போட்டுக்கிட்டு, கொஞ்சம் நகந்து எடம் விட்டாரு. "ஏ சோளம், இப்பிடி வந்து குந்து. வெய்யலு ஏறுது, எடுப்பா துடுப்ப."

அதுக்கப்புறம் சோளம் ஆறு வருசம் இருந்துச்சு. வயசாகித்தான் போச்சு. கடேசி வரைக்கும் சென்னியப்பன் தெனமும் வெரல்ல துணி சுத்தி அதுக்குப் பல்லுத் தேச்சு விட்டாரு. அப்புறம் பாலம் வந்திருச்சு, பரிசல் நின்னு போச்சு. இப்ப பஸ்ல ரெண்டே நிமிசத்துல ஆத்தத் தாண்டிடறோம். எல்லாரும் சன்னலப் பாத்து உக்காந்துக்கறாங்க. அப்பெல்லாம் அரை மணி நேரம், வட்டமா, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டே போவோம். என்ன கண்ணு? ம் சொல்லலையே?

சரி சரி. கதை கரை சேந்திருச்சு. நீயும் எறங்கித் தூங்கு.