மேனேஜர் வாங்கிய லாக்கர்

ஒரு ஊரிலே என்று தொடங்கலாம்தான், ஆனால் அங்கே ஊரே இல்லை. வளைகுடாப் பாலைவனத்தில் ஒரு கம்பெனி ஷெட், அதில் இரண்டே பேர். மேனேஜர் கிளமெண்ட், மெக்கானிக் இசக்கிராஜ். மூன்று வருஷமாக லீவு கிடைக்காத இசக்கிராஜ், பெற்ற மகளைப் போனில்தான் பார்த்திருந்தான்.

மேனேஜரின் ஜீப் தினமும் ஷெட்டுக்கு எதிரே இருந்த மணல் மேட்டில் புதையும். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாதபடி முன்சக்கரம் இரண்டையும் சேர்த்துப் பூட்டுகிற லாக்கரில் இரண்டு வகை வரவழைத்தார்: சுவிட்ச் போட்டால் பூட்டுவது ஒன்று, எப்போதும் பூட்டியே இருப்பது ஒன்று.

"எதுன்னு நீயே சொல்லுடே. மாட்டின பிறகும் அந்த மேட்டுல ஜீப் சிக்கிச்சுன்னா உனக்கு லீவே கிடையாது."

"சுவிட்ச் வச்சது போதும் சார். எப்பவும் பூட்டியே கெடந்தா ஸ்டியரிங் திரும்பாது. சிக்கலன்னா லீவு உண்டுல்லா?"

"உண்டு, உண்டு. மொதல்ல மாட்டு."

மறுநாள் மேனேஜர் சுவிட்சைத் தட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. ஜீப் பூனை மாதிரி மேடேறி இறங்கியது.

"பாத்தியாடே, நான் வாங்கின லாக்கர!" என்று லீவு பேப்பரில் கையெழுத்துப் போட்டார்.

இசக்கிராஜ் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு பிரிக்காத இரண்டு லாக்கர் பெட்டிகளையும் தூக்கி வந்தான்.

"ரெண்டையும் திருப்பி அனுப்பிரலாம் சார்."

"அப்போ நான் தட்டினது?"

"வெறும் லைட்டு. நாலு டயர்லயும் காத்தப் பாதியா எறக்கிவிட்டேன், அவ்வளவுதான். டயரு பரந்து படிஞ்சா மணல்ல புதையாது. நான் எங்க ஊரு தேரி மணல்ல வளந்தவன் சார்."

மேனேஜர் கத்த வாயெடுத்தார். சுற்றிலும் மணல்தான் இருந்தது, வேறு ஆளே இல்லை.

"எப்பம்டே திரும்பி வருவ?" என்றார்.

"ரெண்டு மாசம் சார். சோறு வடிச்சு வச்சிருக்கேன். ரோட்டுக்குப் போனா காத்த நிரப்பிக்கிடுங்க."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு இசக்கிராஜ் ரோட்டைப் பார்த்து நடந்தான்.