உயரம் எவ்வளவு?

குரு என்றதும் தாடியும் கமண்டலமும் நினைவுக்கு வந்தால் அதைத் தூக்கி ஓரமாக வையுங்கள். எங்கள் குருவுக்கு வயது இருபத்து மூன்று. பெயர் ரோஸ்லின். முன்பல்லில் பாதி கிடையாது. பார்க்குக்கு வருகிற சின்னவர் பெரியவர் எல்லோரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த ஸ்கேட் பார்க்கின் வாசலில் உட்கார்ந்து சீட்டுக் கிழித்து ஹெல்மெட் எடுத்துக் கொடுப்பது என் வேலை. உள்ளே சிமென்ட்டில் பெரிய குழியும் சரிவும் மேடும் கட்டி வழவழவென்று பூசியிருக்கிறார்கள். தண்ணீர் வற்றின கோயில் குளம் மாதிரி இருக்கும். குட்டிச் சக்கர சைக்கிளில் அதற்குள் இறங்கி, எதிர்ப்பக்கம் ஏறி, அந்தரத்தில் திரும்பி, மறுபடி இறங்குவார்கள். பிஎம்எக்ஸ் என்று அந்த சைக்கிளுக்குப் பெயர். வேலைக்கு வந்த புதிதில் நான் கண்ணை மூடிக்கொள்வேன். இப்போது யாராவது விழுந்தால் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு மெதுவாகத்தான் நடக்கிறேன்.

ஏப்ரலில் ஒரு சாயங்காலம் பூவராகன் வந்தார். நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயது இருக்கும். மருந்துக் கிடங்கு ஒன்றில் சரக்குப் பார்க்கிறவர். பேன்ட்டும் ஷூவும் போட்டு, கையில் டிபன் பையோடு நின்றார்.

"ஹெல்மெட் என்ன சைஸ் சார்?"

"ஓட்டறதுக்கு இல்லைங்க. இங்க மாஸ்டர்னு ஒருத்தர் இருக்காராமே? ஒண்ணு கேக்கணும்."

தகரக் கொட்டகையில் தரையில் உட்கார்ந்து செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த ரோஸ்லினைக் காட்டினேன். அவர் அவளைத் தாண்டி வேறு யாரோ இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"அவதான் சார்."

மனுஷர் முகம் சுளிக்கவில்லை. டிபன் பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"என் பொண்ணுக்கு வண்டி வாங்கணும் மாஸ்டர். முதல் வண்டி. இந்த மாதிரி பார்க்ல ஓட்டணும். ரொம்ப விலை போக முடியாது. எது நல்ல வண்டி?"

ரோஸ்லின் எழுந்தாள். ஒரு கையில் யாரோ கடையில் புதிதாக வாங்கி வந்திருந்த பளபளா வண்டி. இன்னொரு கையில் அவளுடைய சொந்த வண்டி, பெயின்ட் உரிந்தது. இரண்டையும் முழங்கால் உயரத்துக்குத் தூக்கி ஒவ்வொன்றாகக் கீழே விட்டாள். புது வண்டி கலகலவென்று உதறியது. அவளுடையது 'டொப்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றது.

"எது அங்கிள்?"

"சத்தம் போடாதது."

"விலை கம்மியா இருக்கலாம். கலகலன்னு இருக்கக் கூடாது. கியர் வேணாம், ஷாக் அப்சார்பர் வேணாம், பின்னாடி ஒரு பிரேக் போதும். ஓட்டுன பழைய வண்டியா இருந்தாலும் நல்லதுதான்."

ரோஸ்லினுக்கு அது ஒரு வாரத்துப் பேச்சு.

"அப்ப எதை வாங்கட்டும் மாஸ்டர்?"

"பொண்ணு உயரம் எவ்வளவு?"

பூவராகன் வலது கையை நெஞ்சுக்கு நேராகப் படுக்க வைத்துக் காட்டினார். "இந்தா, இவ்வளவு இருப்பா."

ரோஸ்லின் அவரைக் கொட்டகைச் சுவரோரம் நிற்க வைத்து, கை இருந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள்.

"நாளைக்கு வாங்க."

மறுநாளும் வந்தார். மறுபடியும் அதே கேள்வி. "உயரம் எவ்வளவு?" கை இந்த முறை கொஞ்சம் கீழே நின்றது. இரண்டாவது கோடு.

மூன்றாம் நாள் கை கழுத்துக்கு ஏறிவிட்டது. மூன்றாவது கோடும் விழுந்தது.

"இதுல எது உங்க பொண்ணு?" என்று கேட்டாள் ரோஸ்லின்.

பூவராகன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லச் சொன்னார். "நேர்ல பாத்து நாலு வருஷம் ஆச்சு மாஸ்டர். வீடியோல பேசுவோம். அதுல முகம் மட்டும்தானே தெரியுது."

கிழித்த சீட்டையே திரும்பக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

"போன் பண்ணிக் கேளுங்க," என்றாள் ரோஸ்லின்.

"என்னன்னு கேக்கறது? பெத்த அப்பன், 'உன் உயரம் எவ்வளவும்மா'ன்னு போன்ல கேக்கறதா? வெக்கக்கேடு மாஸ்டர். இவருக்கு நம்மளப் பத்தி ஒண்ணுமே தெரியலன்னு நெனச்சிட மாட்டாளா?"

"கேக்காம நான் வண்டி சொல்ல மாட்டேன்."

அவ்வளவுதான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டாள்.

அன்றைக்கு அவர் கிளம்ப மனமில்லாமல் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் கேட்காமலே சொன்னார். மனைவி பிரிந்து கோயம்புத்தூர் போய்விட்டாள். மகள் சாருலதா, சாரு என்றால்தான் திரும்புவாள், அம்மாவோடு இருக்கிறாள். அங்கே ஒரு பார்க்கில் சிநேகிதியின் சைக்கிளைக் கடன் வாங்கி ஓட்டுகிறாளாம். மே மாதம் பத்து நாள் இங்கே வருகிறாள், முதல் தடவையாக.

"அவளுக்குப் பிடிச்சிருந்தா மேற்கொண்டு லீவுக்கெல்லாம் அனுப்பறேன்னு அவங்கம்மா சொல்லியிருக்காங்க. பத்து நாள்தாங்க இருக்கு எனக்கு. அந்த ஒரு ரூம் வீட்டுல அவ வந்து என்ன பண்ணுவா? நான் சமைக்கறது எனக்கே இறங்காது. வண்டி இருந்தா..." என்று நிறுத்தினார். "நான் வீட்டுல டிவியைப் போட்டுட்டுதாங்க தூங்குவேன். யாராச்சும் பேசிட்டிருந்தாதான் தூக்கம் வருது."

ஒரு போன் போட்டால் முடிகிற காரியத்துக்கு இந்த மனுஷர் ஏன் இப்படி மென்று முழுங்குகிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. சொல்ல எனக்கென்ன வாய் இருக்கிறது? என் அக்காவோடு நான் பேசி ஆறு வருஷம் ஆகிறது.

அடுத்த வாரம் பூவராகன் வண்டியோடு வந்தார். பழையதுதான், ஆனால் நல்ல வண்டி. நீல நிறம். கைப்பிடியில் ரிப்பன் கட்டியிருந்தார். முழங்கால் உயரத்துக்குத் தூக்கி விட்டார். 'டொப்.' முகமெல்லாம் சிரிப்பு.

ரோஸ்லின் சக்கரத்தைப் பார்த்தாள். "பதினெட்டு இன்ச். கேட்டீங்களா?"

"மூணு கோட்டையும் அளந்தேன் மாஸ்டர். கூட்டி மூணால வகுத்து நடுவுல எடுத்துக்கிட்டேன்."

கிடங்குக்காரர் புத்தி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரோஸ்லின் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த கோடுகளை ஒரு தடவை பார்த்தாள். டயருக்குக் காற்று அடித்துக் கொடுத்தாள்.

மே மாதம் சாரு வந்தாள்.

வாசலில் சீட்டுக் கேட்டபோது நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். பதின்மூன்று வயசுக்கு நல்ல நெடுநெடு. பூவராகனின் புருவத்துக்கு வந்துவிட்டாள். பக்கத்தில் அவர் அந்தக் குட்டி வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். ரிப்பன் அப்படியே இருந்தது. அவருக்குத் தெரியாமலா இருக்கும்? பஸ் ஸ்டாண்டில் மகள் இறங்கிய அந்த நொடியே தெரிந்திருக்கும். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"வண்டி நல்லாயிருக்காம்மா?" என்று என் முன்னாலேயே கேட்டார்.

"நல்லாயிருக்குப்பா," என்றாள் சாரு. யோசிக்கவே இல்லை.

அவர் அந்தப் பதிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பத்து நாளும் வந்தார்கள். அவள் ஓட்டுவாள், அவர் கம்பி ஓரம் தண்ணீர் பாட்டிலோடு நிற்பார். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். "குடிக்கிறியாம்மா?" "வேணாம்ப்பா." "போலாமா?" "இன்னும் ஒரு ரவுண்டுப்பா." ஒவ்வொரு தடவை பெடல் சுற்றும்போதும் முட்டி ஹேண்டில் பாரில் போய் இடிக்கும். நின்றுகொண்டு ஓட்டிப் பார்த்தாள். கால்களை அகட்டி வைத்துப் பார்த்தாள். முழு பேன்ட் போட்டிருந்ததால் அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் கழிவறைக்குப் பக்கத்தில் பேன்ட்டைச் சுருட்டிவிட்டு முட்டிக்கு எச்சில் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். நான் மருந்துப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு முட்டியும் கன்றிப் போய் ஊதா நிறத்தில் இருந்தன.

"அப்பாகிட்ட சொல்லாதீங்க ஆன்ட்டி."

ரோஸ்லின் ஒருநாள் தன் வண்டியை அவள் பக்கம் தள்ளினாள். "இதுல ஒரு ரவுண்டு போயேன்."

"வேணாம் மாஸ்டர். எனக்கு அப்பா வாங்கினது இருக்கு."

ரோஸ்லின் வற்புறுத்தவில்லை. சாரு கொட்டகையில் ஹெல்மெட்டைக் கழற்றும்போது சுவரில் இருந்த மூன்று கோடுகளைப் பார்த்துவிட்டு, "இது என்ன?" என்றாள்.

"உன் உயரம்."

"யார் போட்டது?"

"உங்கப்பா. மூணு நாள்."

சாரு அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். பிறகு சாக்பீஸை எடுத்து, சுவரில் முதுகை ஒட்டி நின்று, தலைக்கு மேல் தானே ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் தேதியும் எழுதினாள். கம்பி ஓரம் நின்ற பூவராகன் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை.

பத்தாம் நாள் அவள் கிளம்பிப் போனாள். வண்டியைக் கொண்டுபோகவில்லை. "இங்கயே இருக்கட்டும்ப்பா" என்றாளாம். அதற்கு என்ன அர்த்தம் என்று பூவராகனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

ஒரு மாதம் அவர் பார்க் பக்கமே வரவில்லை. ஜூன் கடைசியில் ஒரு சாயங்காலம் வந்தார், நீல வண்டியை உருட்டிக்கொண்டு. ரிப்பன் இல்லை. ஆள் இளைத்திருந்தார்.

"மாஸ்டர், தப்பு பண்ணிட்டேன்."

ரோஸ்லின் தலையை ஆட்டினாள்.

"வண்டி சின்னது. அவ முட்டியெல்லாம் அடிபட்டிருக்கு. அவங்கம்மா போன்ல திட்டினாங்க. குழந்தை முட்டிய பாத்தியா, நீ எல்லாம் ஒரு அப்பனான்னு." குரல் உடைந்தது. "பத்து நாள் கூடவே நின்னேன் மாஸ்டர். தண்ணி பாட்டிலப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவ. ஏன் சொல்லல?"

"உங்க பொண்ணாச்சே."

பூவராகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ரோஸ்லினும் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இப்பவும் சாருகிட்ட பேசுறீங்களா?" என்று நான்தான் கேட்டேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை பேசுவோம். சாப்டியாம்பேன், சாப்டேம்பா. நீங்கம்பா, நானும்பேன். அவ்வளவுதான். ஆயுத பூஜை லீவுக்கு வருவியான்னு கேக்க வாய் வரல. வரலன்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

ரோஸ்லின் எழுந்து அவரைக் கை கொடுத்துத் தூக்கினாள். சுவரோரம் கூட்டிப்போய் நான்காவது கோட்டைத் தொட்டுக் காட்டினாள். அவருடைய மூன்று கோடுகளுக்கும் மேலே, ரொம்ப மேலே இருந்தது.

"யார் போட்டது?"

"சாரு."

அவர் கிட்டே போனார். தேதியைப் படித்தார். பிறகு அந்தக் கோட்டுக்கு நேராக நின்று, மகளே எதிரில் நிற்கிற மாதிரி அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், திரும்பப் போட்டார், மறுபடியும் கழற்றினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் கேட்டது. தெம்பு வந்திருந்தது. பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துத் தரையிலிருந்து கோடு வரை பிடித்தார்.

"அஞ்சடி மூணு இன்ச் மாஸ்டர்! இனிமே சந்தேகமே இல்ல. இந்தச் சின்ன வண்டிய வித்துடறேன். இருபது இன்ச் சக்கரத்துல, இந்த உயரத்துக்குத் தோதா ஒண்ணு வாங்கி, நேரா கோயம்புத்தூருக்கே அனுப்பிடறேன். அவகிட்ட சொல்லவே வேணாம். திடீர்னு வாசல்ல போய் நிக்கட்டும். இப்பவாச்சும் சொல்லுங்க மாஸ்டர், இந்த உயரத்துக்கு எந்த வண்டி வாங்கட்டும்?"

ரோஸ்லின் சாக்பீஸ் தூசியைக் கையிலிருந்து தட்டினாள். அவருடைய சட்டைப் பையில் இருந்த போனைப் பார்த்தாள்.

"அது போன மாசத்து உயரம், அங்கிள்."