பாதியில் நின்ற பட்டப்பெயர்

கதை கேட்க வந்தவர்களே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது பயந்தவர்களின் கதை.

மலைக்கும் வயலுக்கும் நடுவே ஒரு நாடு இருந்தது. அதை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டான். எதிரிக்குப் பயப்பட மாட்டான், புலிக்குப் பயப்பட மாட்டான். யாராவது புதிதாக ஒன்றைச் சொன்னால் மட்டும் அவனுக்குக் குலை நடுங்கும். அந்த நடுக்கத்தை மறைக்கக் கோபப்படுவான். ராஜாவின் கோபம் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும்.

அவன் சபையில் ஆவுடையான் என்றொரு கட்டியக்காரன். ராஜா உள்ளே வரும்போது "பராக், பராக்!" என்று பட்டப்பெயர்களை உரக்கச் சொல்வது அவன் வேலை. கடைசிப் பட்டம் முடியும்வரை ராஜாகூட சிம்மாசனத்தில் உட்காரக் கூடாது. அது அந்த நாட்டு வழக்கம்.

அந்த வருஷம் மழை பெய்தது, பெய்தது, பெய்துகொண்டே இருந்தது. ராஜாவின் தந்தை கட்டிய பெரிய ஏரி விளிம்புவரை தளும்பியது. கரை உடைந்தால் கீழே இருக்கும் ஊர் போச்சு. ஆவுடையானின் மகள் நிறைமாதக் கர்ப்பிணியாக அந்த ஊரில்தான் இருந்தாள். அழைத்து வரலாமென்றால் பாதையெல்லாம் வெள்ளம்.

முதலில் ஏரிக் காவலன் சேந்தன் சபைக்கு வந்தான். "மகாராஜா, உங்கள் தந்தை கட்டிய கரையில் குறை இருக்கிறது. மிஞ்சிய தண்ணீர் போக வழியே வைக்கவில்லை. ஏரியோரத் தெற்குப் பாறையை வெட்டி ஊருக்கு அப்பால் வழி விட வேண்டும்" என்றான். ராஜாவின் முகம் சிவந்தது. சேந்தனின் நாக்கை அறுத்தார்கள்.

அடுத்து, நூல்கள் பல கற்ற பூதநாதர் வந்தார். "இதெல்லாம் உங்களுக்குப் புரியாது. நான் சொல்கிறேன், தெற்குப் பாறையை வெட்டுங்கள்" என்றார். அவரை இருட்டறையில் தள்ளினார்கள்.

மழை விடவில்லை. ஆவுடையானுக்குச் சோறு இறங்கவில்லை. பேசினால் நாக்கு போகும், பேசாவிட்டால் மகள் போவாள். ஒன்றை மட்டும் அவன் கவனித்திருந்தான். பாறை என்ற சொல் வருவதற்கு முன்பே, இரண்டு முறையும் ராஜாவின் காது மூடிக்கொண்டுவிட்டது.

மறுநாள் காலை ராஜா சபைக்குள் வந்தான்.

"பராக், பராக்! மலை ஆண்ட மாறவேள்! பகை வென்ற மாறவேள்! கரை காத்த..."

ஆவுடையான் நிறுத்திவிட்டான். உட்காரப்போன ராஜா பாதி குனிந்தபடியே நின்றான். உட்காரவும் முடியவில்லை, நிமிரவும் தோன்றவில்லை. காவலர்களின் கை வாளுக்குப் போனது.

"ஏன்டா நிறுத்தினாய்?"

"பயமாக இருக்கிறது, மகாராஜா. இந்தப் பட்டத்தை நாளைக்கும் என் வாயால் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை."

தன் பயமே இன்னொருவன் வாயிலிருந்து வந்ததாலோ என்னவோ, ராஜா கோபப்படவில்லை. "எனக்கும் தூக்கம் இல்லை, ஆவுடையான்" என்றான் தணிந்த குரலில். "அப்பா கட்டிய கரையில் நான் கை வைத்தால் அவர் பேர் என்ன ஆகும்?"

ஆவுடையான் வாளில் கை வைத்திருந்த காவலர்களை ஒருமுறை பார்த்தான். ஆனாலும் பேசினான்.

"கரையில் ஒரு மண்வெட்டியும் பட வேண்டாம், மகாராஜா. அது அவர் கட்டியபடியே இருக்கட்டும். கரை தாங்காத தண்ணீரை மட்டும் தெற்குப் பாறை வழியாக அனுப்பிவிட்டால், அவர் பேரும் நிற்கும், ஊரும் நிற்கும்."

"பாறையைத்தானே வெட்டுகிறோம்? கரையை இல்லையே?"

"கரையை இல்லை, மகாராஜா."

"வெட்டச் சொல்."

ஊர்க் கல்தச்சர்கள் அத்தனை பேரும் உளியோடு ஓடினார்கள். பொழுது சாய்வதற்குள் பாறையில் வழி திறந்து தண்ணீர் இரைச்சலோடு பாய்ந்தது. கரை நின்றது. கீழே ஊர் பிழைத்தது, ஆவுடையானின் மகளும் பிழைத்தாள்.

மழையில் நனைந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்த ராஜா மெதுவாகக் கேட்டான்: "அந்த இரண்டு பேரும் சொன்னது இதே பாறையைத்தானா?"

"இதே பாறைதான், மகாராஜா."

இருட்டறையைத் திறக்க அப்போதே ஆள் ஓடினான். அறுத்த நாக்கை ஒட்டவைக்கத்தான் அந்த நாட்டில் யாராலும் முடியவில்லை.

ஆகவே, புதிய யோசனையோடு சபை ஏறுகிறவர்களே, கேட்பவரின் பயம் எதுவென்று முதலில் அறிந்து, அதைத் தணித்த பிறகே உங்கள் யோசனையைச் சொல்லுங்கள்.